வெளியே வந்த பிறகு: வாசகர் கேள்வி - பதில்

சிறையிலிருந்து வருகிறவருக்கு, முன்பே போய் வந்த ஒருவர் துணை நிற்பது. குடியை விட நினைப்பவருக்கு, விட்டவர் கைகொடுப்பது. இந்த உதவி எங்கே பலிக்கும், எங்கே ஆபத்தாகும் என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். கேட்டவர்களின் பெயரை வெளியிடவில்லை.

என் தம்பி இரண்டு வருடத் தண்டனை முடிந்து அடுத்த வாரம் மதுரை மத்திய சிறையிலிருந்து வருகிறான். உள்ளே போகும் முன் குடியும் உண்டு, வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கமும் உண்டு. எங்கள் ஊரில் ஒருவர், அவரும் ஜெயிலுக்குப் போய் வந்தவர், ஆறு வருடமாகக் குடிப்பதில்லை. "ஜெயில் கேட்டுக்கு நானும் வருகிறேன்" என்கிறார். அப்பாவுக்கு இஷ்டமில்லை. என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல்

கூட்டிப்போங்கள். ஆனால் அதற்கு முன் ஒருநாள் அவரை வீட்டுக்கு வரச் சொல்லி, அப்பாவையும் வைத்துக்கொண்டு மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள். அவருக்கும் தம்பிக்கும் இடையே பணம் கைமாறக் கூடாது. எங்கே அழைத்துப்போனாலும் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். தம்பி மறுபடி மாத்திரையையோ பாட்டிலையோ தொட்டது தெரிந்தால் அதை வீட்டுக்கு மறைக்கக் கூடாது. இதைத் தம்பியிடமும் முதல் நாளே அவர் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். மூன்றாவதற்கு மழுப்பினால் அப்பா சொல்வதுதான் சரி.

அவர் கேட்டுக்கு வருவதில் பெரிய பயன் ஒன்று உண்டு. விடுதலை தேதி பழைய சகாக்களுக்கும் தெரியும். காரோடு, சீட்டுக்கு அடியில் பாட்டிலோடு வந்து நிற்பார்கள். உங்களுக்கு அவர்கள் 'தம்பியின் ஃபிரண்ட்ஸ்'. அவருக்கு யார் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரியும். சண்டை போடாமல், "அம்மா சாப்பாடு வைத்துக் காத்திருக்காங்க" என்று சொல்லி ஆளை வண்டியில் ஏற்றத் தெரியும். அன்றைய ராத்திரி எங்கே கழியும் என்பது பாதிக்கு மேல் அந்தப் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

தண்டனை முடிந்தவர்களைப் பெரும்பாலும் காலையில் விடுவார்கள். தண்டனைக் குறைப்பு நாட்களைக் கணக்கிடும்போது தேதி முன்பின் ஆகலாம், அதனால் முந்தைய வாரமே 'மனு' பார்க்கும், அதாவது கைதியைச் சந்திக்கும், இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் நகராமல் நின்று நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்: விடுதலைச் சான்று, உள்ளே போகும்போது ஒப்படைத்த பொருட்கள், வேலை செய்த கூலியில் மீதி, சிறை மருத்துவமனைச் சீட்டு. கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். காசநோய்க்கோ, எச்.ஐ.வி.க்கோ, மனநலத்துக்கோ மாத்திரை நடந்துகொண்டிருந்தால், சீட்டு இல்லாமல் ஊரில் தொடர்வது பெரும்பாடு. காசநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு நிக்ஷய் எண் ஒன்று இருக்கும். அதைக் குறித்து வந்தால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்தைத் தொடரலாம்.

இனி உயிர் போகும் விஷயம். உள்ளே இருந்த காலத்தில் உடம்பு அந்த மாத்திரையைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். முன்பு பழகிய அதே அளவை இப்போது ஏற்றினால் மூச்சு நின்றுபோகும். கூடவே குடித்திருந்தால் இன்னும் சீக்கிரம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் வந்த ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் போதை மிகையால் இறக்கும் ஆபத்து மற்ற மக்களைவிட 129 மடங்கு இருந்தது. "வந்தவுடன் ஒரே ஒரு தடவை" என்பதுதான் ஆளைக் கொல்கிறது. இதைத் தம்பியிடம் அக்கா சொன்னால் சந்தேகப்படுவதாக நினைப்பான். ஊசி போட்டுப் பழகி விட்டவர் சொன்னால் தகவலாகக் கேட்பான். அவரிடம் இந்த ஒரு வேலையைக் கட்டாயம் ஒப்படையுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் அடையாளம் தெரிய வேண்டும்: எழுப்பினால் எழாமை, குறட்டை போன்ற கரகரப்போடு விட்டு விட்டு மூச்சு, உதடும் நகமும் நீலம் பூப்பது, கண்மணி ஊசி முனையளவு சுருங்குவது. உடனே 108. வரும்வரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மாத்திரை அட்டை கிடந்தால் எடுத்துப்போங்கள். எது என்று தெரிந்தால் மருத்துவமனையில் நலாக்சோன் என்ற முறிவு மருந்தை ஊசியாகப் போட யோசிக்க மாட்டார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மாத்திரையின் பெயரை மறைப்பவர்கள்தான் அதிகம்.

முதல் சில நாட்கள் விருந்து வைக்காதீர்கள். சிறையில் இரவெல்லாம் விளக்கு எரியும், காலையில் எண்ணிக்கைக்கு எழுந்தாக வேண்டும், என்ன சாப்பிடுவது என்ற கேள்வியே கிடையாது. வந்தவுடன் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து "என்ன வேணும், என்ன வேணும்" என்றால் ஆள் மாடிக்கு ஓடிவிடுவான், இல்லையென்றால் தெருமுனைக்கு. கையில் செலவுக்குக் கொஞ்சம் பணம் இருக்கட்டும், கூலி மீதி மொத்தமும் வேண்டாம். டாஸ்மாக் பகல் 12 முதல் இரவு 10 வரை. அதில் மாலை 6-லிருந்து 9 வரைதான் கனமான நேரம். துணைக்கு வருகிறவர் அந்த மூன்று மணி நேரத்துக்கு வந்தால் போதும், பகலில் வந்து புத்திமதி சொல்ல வேண்டியதில்லை.

கணவர் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் அமைப்பு) கூட்டத்துக்குப் போய் நாற்பது நாளாகக் குடிக்கவில்லை. அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். ராத்திரி 11 மணிக்கு 'ஸ்பான்சர்' என்று ஒருவரிடம் போன் வேறு. இது என்ன ரகசியச் சங்கமா? கட்டணம் உண்டா?
- வாசகி, ஆம்பூர்

கட்டணம் கிடையாது. கூட்ட முடிவில் ஒரு பை சுற்றி வரும், பத்து ரூபாய் போடுகிறவரும் உண்டு, போடாதவரும் உண்டு. அறை வாடகையும் தேநீரும் அதில்தான். வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை என்பது 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த அமைப்பின் கொள்கை.

மற்றவர் பேசியதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி, அதனால்தான் சொல்ல மறுக்கிறார். தன்னைப் பற்றி அவர் என்ன பேசினார் என்று கேளுங்கள், அதைச் சொல்லத் தடையில்லை. ஸ்பான்சர் என்பவர் அதே கூட்டத்தில் பல வருடம் குடிக்காமல் இருப்பவர். குடிக்கத் தோன்றும் நேரத்தில் கூப்பிடத்தான் அவர் எண். 11 மணி போன் நல்ல அறிகுறி. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். ஸ்பான்சர் கடன் கேட்டாலோ, தொழிலில் கூட்டுச் சேரக் கூப்பிட்டாலோ, வேறு ஸ்பான்சரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

'திறந்த கூட்டம்' என்று ஒன்று உண்டு. அதற்கு நீங்களும் போகலாம். குடும்பத்தாருக்கென்றே தனியாக அல்-அனான் கூட்டங்களும் நடக்கின்றன. போய்ப் பாருங்கள். குடி நின்ற வீட்டில் மனைவிக்குக் கோபம் வருவது நாற்பதாம் நாளுக்கு மேல்தான் என்பதை அங்கே வருகிறவர்கள் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

வயது 34. குடி, கஞ்சா இரண்டையும் விட்டு மூன்று வருடம். அதற்கு முன் 14 மாதம் ஜெயில். மற்றவர்களுக்கு உதவ வேண்டும் என்று ஆசை. ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் 'வாலண்டியர்' ஆக வா, சாப்பாடு, தங்க இடம், கைச்செலவுக்கு மாதம் மூவாயிரம் என்கிறார்கள். ராத்திரி டியூட்டி, அவ்வப்போது 'பிக்-அப்'புக்கும் போக வேண்டுமாம். சேரலாமா?
- வாசகர், ஈரோடு

'பிக்-அப்' என்ற சொல்லைப் பார்த்தவுடனே பதில் தெரிந்துவிட்டது. வீட்டார் போன் செய்வார்கள், நாலு பேர் வண்டியில் போய்க் குடித்துவிட்டுத் தூங்குகிறவரை அமுக்கித் தூக்கி வருவார்கள். அந்த நாலு பேரில் மூன்று பேர் உங்களைப் போல மீண்டவர்களாகவே இருப்பார்கள். முதலாளி வர மாட்டார். தூக்கி வரும் வழியில் ஒருவர் இறந்தால் வழக்கு உங்கள் மேல்தான், ஏற்கெனவே உள்ளே போனவர் என்பதால் ஜாமீனும் இழுக்கும்.

2017-ஆம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைச் சுவரில் பாருங்கள், தேதி முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். ஒருவர் சம்மதம் இல்லாமல் சேர்ப்பதற்கு அதே சட்டத்தின் 89-ஆம் பிரிவு இருக்கிறது. மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மனநலப் பணியாளரோ மருத்துவரோ ஒருவரும், தனித்தனியே பார்த்து எழுத வேண்டும். அதிகபட்சம் 30 நாள். "வீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், ஆறு மாதம் வைத்திருப்போம்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. சங்கிலி போடுவதை 95-ஆம் பிரிவு அடியோடு தடுக்கிறது. தனியறையில் பூட்டி வைப்பதும் கூடாது.

ராத்திரி டியூட்டி இன்னும் பெரிய சிக்கல். தினமும் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால் 6 மணி நேரத்துக்கு மேல் கை நடுக்கம், வியர்வை, வாந்தி. 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாள் இல்லாததைப் பார்ப்பது, பூச்சி ஊர்கிறது என்று உடம்பைத் தட்டுவது, நாள் கிழமை தெரியாமல் போவது, காய்ச்சல். கடைசியில் சொன்னது மருத்துவமனையில் பார்க்க வேண்டிய நிலை, அறைக்குள் பூட்டிவைத்தால் இறந்துபோகலாம். டாக்டர் இல்லாத மையத்தில் ராத்திரி 2 மணிக்கு இதை 'நடிக்கிறான்' என்று முடிவு செய்யும் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழும். விட்டமின் பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றி மூளையைக் கெடுத்த மையங்களும் உண்டு. முதல் வாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் உங்களுக்கு நடந்ததுதான் தெரியும். அடுத்தவர் உடம்பு வேறு.

அப்படியானால் எங்கே சேரலாம்? மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் போதைத் தேவை குறைப்புத் திட்டத்தில் உள்ள இடங்களில் மூன்று வகையைப் பாருங்கள்: தங்கிச் சிகிச்சை பெறும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையம், தெருவில் போய்ச் சந்திக்கும் அவுட்ரீச் மையம், இளைஞர்களை வைத்து இளைஞர்களிடம் பேசும் சமூக மையம். பின்னிரண்டிலும் 'பியர் எஜுகேட்டர்', அதாவது தன்னைப் போன்றவர்களிடம் போய்ப் பேசுகிறவரின் வேலைதான் முதுகெலும்பு. 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணில் உங்கள் மாவட்டத்தில் எது இருக்கிறது என்று கேட்கலாம். தமிழக அரசு 2025-இல் அரசு மருத்துவமனைகளில் திறந்த 25 'கலங்கரை' போதை மீட்பு மையங்களிலும் போய் விசாரியுங்கள். எங்கே சேர்ந்தாலும் நியமனக் கடிதம், வங்கியில் சம்பளம், வாரம் ஒருநாள் விடுப்பு, நீங்கள் போகும் கூட்டத்துக்கு வாரத்தில் ஒரு மாலையாவது கேளுங்கள். சாப்பாடு, படுக்கைக்கு வேலை செய்யும் மீண்டவர் ஒரு வருடத்தில் மறுபடி நோயாளியாக அதே படுக்கையில் படுப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

வேலையில் கைக்கொள்ள வேண்டியவை சில. தொடக்கத்தில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் எடுக்காதீர்கள். உங்கள் கதை மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, அதிலும் போதை எப்படி இருந்தது என்ற வர்ணனை வேண்டவே வேண்டாம். கேட்கிறவருக்கு நாக்கில் நீர் ஊறும், உங்களுக்கும்தான். பெண்களைத் தனியே சந்திப்பதில்லை. கடன் கொடுப்பதில்லை. பஸ் டிக்கெட் எடுத்துத் தரலாம், பஸ் காசு தரக் கூடாது. தேதி, நேரம், என்ன ஒப்புக்கொண்டீர்கள் என்பதை ஒரு நோட்டில் நாலு வரி எழுதுங்கள். 'செத்துப்போகலாம்னு இருக்கு' என்று ஒருவர் சொன்னால் அதை ரகசியமாக வைத்துக்கொள்ளாதீர்கள், டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-இல் அவரையே பேச வையுங்கள், வீட்டுக்கும் சொல்லுங்கள். வழக்கில் என்ன செய்தார் என்று கேட்காதீர்கள். வக்கீலிடம் சொன்னதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. உங்களிடம் சொன்னதற்கு இல்லை, நீதிமன்றம் கேட்டால் நீங்கள் சாட்சி.

ஏழு வருடம் கழித்து வெளியே வந்திருக்கிறேன். வங்கிக் கணக்கு, லைசென்ஸ், ரேஷன் எல்லாம் என்ன ஆச்சு என்றே தெரியவில்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது?
- வாசகர், விழுப்புரம்

செல்போன் எண்ணிலிருந்து. ஆதாரில் இருக்கும் பழைய எண் இந்நேரம் வேறு ஒருவர் கையில் இருக்கும், எந்த ஓ.டி.பி.யும் உங்களுக்கு வராது. புது சிம் வாங்கி, ஆதார் சேவை மையத்தில் கைரேகை வைத்து எண்ணை மாற்றுங்கள். அதற்குத் தனி ஆவணம் தேவையில்லை. கட்டுமான வேலை செய்து ரேகை தேய்ந்திருந்தால் கண் கருவிழிப் பதிவு எடுக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் வங்கிக்குப் போய்த் திரும்பி வருவதில்தான் முதல் மாதம் வீணாகிறது.

அடுத்து வங்கி. இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிக் கிடக்கும். ஆதார், புகைப்படத்தோடு கே.ஒய்.சி. படிவம் கொடுத்தால் மீண்டும் உயிர்பெறும், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. பத்து வருடம் தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனாலும் உங்கள் வங்கி மூலமே கேட்டுப் பெறலாம்.

ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்டித்தான் புதுப்பிக்க முடியும். வாக்குரிமை உள்ளே இருக்கும்போது மட்டும்தான் இல்லை. வெளியே வந்தவுடன் திரும்பிவிட்டது. பட்டியலில் பெயர் நீங்கியிருந்தால் படிவம் 6. ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா என்று கடையிலேயே கேட்கலாம்.

அலுவலகத்துக்குத் துணைக்கு ஒருவர் வந்தால், அதாவது இதே வரிசையில் நின்று பழகியவர் வந்தால், வேலை பாதியாகும். 'இத்தனை வருஷம் எங்கே இருந்தீங்க' என்ற கேள்விக்குத் தொண்டை அடைக்கும்போது அவர் பக்கத்தில் நிற்பார். பதில் சுருக்கமாக இருக்கட்டும்: "ஊரில் இல்லை, இப்போது வந்துவிட்டேன்." வங்கிக் குமாஸ்தாவுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

ஒன்றை மட்டும் எல்லாவற்றுக்கும் முன் பார்த்துவிடுங்கள். வேறு பழைய வழக்கில் வாய்தா தவறி பிடிவாரண்ட் நிலுவையில் இருக்கிறதா என்று வக்கீல் மூலமோ, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமோ கேளுங்கள். இருந்தால் தானாக நீதிமன்றத்தில் ஆஜராகி, வாரண்டைத் திரும்பப் பெறக் கோரும் மனு போடுவது ஒரு காலைப்பொழுது வேலை. போலீஸ் பிடித்துக் கொண்டுபோனால் அதே விஷயம் மறுபடி புழல்.

அண்ணனுக்கு ஜாமீன் கிடைத்து மூன்று வாரம். திருட்டு வழக்கு. ஜாமீன்தாரர் இல்லாமல் கோவை சிறையிலேயே இருக்கிறான். அவனோடு உள்ளே இருந்து வந்த ஒருவர், 15 ஆயிரம் கொடுத்தால் இரண்டு பேரை ஏற்பாடு செய்கிறேன் என்கிறார்.
- வாசகி, பொள்ளாச்சி

கொடுக்காதீர்கள். ஒரே ரேஷன் கார்டு, ஒரே சொத்து வரி ரசீதோடு பத்து வழக்கில் ஜாமீன் நிற்கும் ஆட்கள் அவர்கள். பிடிபட்டால் ஜாமீனும் போகும், புது வழக்கும் வரும். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று இல்லை. அவர் அப்படித்தான் வெளியே வந்திருப்பார்.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழிமுறைப்படி, ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றித் தானாகவே பரிசீலிக்கலாம். மத்திய அரசின் ஏழைச் சிறைவாசிகள் உதவித் திட்டத்தில் பிணைத்தொகைக்குப் பண உதவி கிடைக்கும். தண்டனை முடிந்தும் அபராதம் கட்ட முடியாதவர்களுக்கும் உண்டு. போதைப்பொருள், ஊழல், பணமோசடித் தடுப்பு, உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்குகளுக்கு இது கிடையாது. உங்கள் அண்ணன் வழக்குக்கு உண்டு. இலவச சட்ட உதவி எண் 15100-ஐக் கூப்பிடுங்கள். சிறைக்குள்ளேயே நீண்ட தண்டனைக் கைதிகளில் படித்தவர்களைச் சட்டத் தன்னார்வலர்களாகப் பயிற்றுவிக்கும் ஏற்பாடும் உண்டு. மனு பார்க்கும்போது அண்ணனை அவரிடம் பேசச் சொல்லுங்கள், மனு எழுதித் தருவார்.

திருப்பூரில் சிறு பனியன் யூனிட் வைத்திருக்கிறேன். ஒரு குழுவினர், விடுதலையான இருவருக்கு வேலை தரச் சொல்கிறார்கள். தரலாம் என்று இருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், அவிநாசி

சம்பள நாளை. சனிக்கிழமை சாயங்காலம் கையில் ரொக்கம் கொடுப்பது உங்கள் ஊர் வழக்கம். அந்த இருவரில் குடிப்பழக்கம் இருந்தவருக்கு அது வேண்டாம். புதன்கிழமை காலை, வங்கிக் கணக்கில். முன்பணம் மூன்று மாதத்துக்குக் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், கேட்டு மறுப்பதைவிட அது சுலபம்.

வாய்தா தேதிகளையும், நிபந்தனை ஜாமீனில் இருந்தால் ஸ்டேஷன் கையெழுத்து நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலை 10 மணிக் கையெழுத்துக்குப் போகிறவரை 'லேட்' என்று அரை நாள் சம்பளம் பிடித்தால் ஒன்று கையெழுத்து நிற்கும், இல்லை வேலை நிற்கும். வேலை கிடைத்ததைக் காட்டி நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம். அதற்கு உங்கள் லெட்டர்பேடில் நாலு வரி போதும்.

வழக்கு விவரம் சூப்பர்வைசர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். யூனிட்டில் ஒரு கத்தரி காணாமல் போனால் முதலில் யார் பையைத் திறப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். எல்லோர் பையையும் பார்க்கும் வழக்கத்தை இவர்கள் வருவதற்கு முன்பே கொண்டுவந்துவிடுங்கள். பரிந்துரைத்த குழுவிடம் ஒன்று கேளுங்கள்: மூன்று மாதத்துக்கு வாரம் ஒருமுறை அவர்களில் ஒருவர் யூனிட்டுக்கு வந்து, உங்களிடமும் தனியே, தொழிலாளியிடமும் தனியே பத்து நிமிடம் பேச வேண்டும். ஆளை விட்டுவிட்டுக் காணாமல் போகும் குழு என்றால் யோசியுங்கள்.

அவர்களுக்கு என்ன தெரியும் என்றும் கேளுங்கள். தையல், நெசவு, பேக்கரி எல்லாம் மத்திய சிறைகளில் நடக்கிறது. சிறைத்துறை இந்தியன் ஆயிலோடு சேர்ந்து நடத்தும் 'ஃப்ரீடம்' பெட்ரோல் பங்குகளில் நின்றவர் என்றால் பணத்தைக் கையாண்டு கணக்கு ஒப்படைத்தவர்.

சிறையிலிருந்து வந்த எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் புகுந்த வீட்டில் சேர்க்கவில்லை. குழந்தை அவர்களிடம். உதவுவதாகச் சொல்லும் குழுவில் எல்லோரும் ஆண்கள்.
- வாசகி, நாகர்கோவில்

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. அலுவலகத் துணைக்கு வரட்டும், தங்கும் இடமும் ஆலோசனையும் பெண்களிடமிருந்துதான் வர வேண்டும். மகளிர் உதவி எண் 181-ஐ அழைத்தால் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள், தற்காலிகத் தங்கல் உண்டு. குழந்தையைப் பார்க்கும் உரிமை, தாய் சிறைக்குப் போனதால் தானாகப் போய்விடாது. குடும்ப நீதிமன்றத்தில் இலவச வக்கீலோடு மனு போடலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

எட்டு மாதம் குடிக்காமல் இருந்த மகன் மறுபடி குடித்துவிட்டான். டாக்டர் மாத்திரை தருகிறார். கூட்டத்து ஆள், "மாத்திரையும் ஒரு போதைதான், நிறுத்திவிடு" என்கிறார். மருமகள், குடியை வெறுக்க வைக்கும் மாத்திரையைத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிடலாம் என்கிறாள்.
- வாசகர், தஞ்சாவூர்

சாம்பாரில் கலக்கவே கூடாது. அந்த மாத்திரை டைசல்ஃபிராம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். இதய நோய் இருந்தால் உயிரே போகும். தனக்கு என்ன ஆகிறது என்று தெரியாதவர் இன்னொரு குவார்ட்டர் அடித்தால் சரியாகும் என்று நினைப்பார். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்த்து, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை ஆபத்து உண்டு. சில இருமல் டானிக், ஷேவிங் லோஷன், தசமூலாரிஷ்டம் மாதிரியான அரிஷ்டங்கள் ஆகியவற்றிலும் ஆல்கஹால் இருக்கிறது. பாட்டி கொடுக்கும் ஒரு மூடி அரிஷ்டத்தால் அவசரப் பிரிவுக்குப் போனவர்கள் உண்டு.

கூட்டத்து ஆள் சொன்னது தவறு. உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பதே ஏஏயின் நிலைப்பாடு. மனநல மாத்திரையை அப்படி நிறுத்தித் தற்கொலை வரை போவதும் நடக்கிறது. மகனுக்குக் கூட்டம் பிடித்திருந்தால் போகட்டும், ஸ்பான்சரை மாற்றட்டும். எட்டு மாதம் எது வேலை செய்தது, கடைசி இரண்டு வாரத்தில் எது நின்றது என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கம், கூட்டம், மாத்திரை, வேலை, இவற்றில் ஏதோ ஒன்று குடிப்பதற்கு முன்பே நின்றிருக்கும்.

கல்லூரியில் படிக்கும் மகன், வயது 20, 50 கிராம் கஞ்சாவோடு பிடிபட்டான். "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துடு, ஒரே நாள்ல முடிஞ்சிரும், நாங்கள்லாம் அப்படித்தான்" என்று அனுபவப்பட்ட ஒருவர் சொல்கிறார்.
- வாசகி, சேலம்

ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் அது குற்றத் தீர்ப்பு. அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படிவம் நிரப்பும்போது அந்த ஒருநாள் திரும்பி வரும். ஒரு கிலோ வரை 'சிறிய அளவு', ஒரு வருடம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. நன்னடத்தைச் சட்டத்தின் சலுகையை 18 வயதுக்கு மேற்பட்டவருக்கு இப்படிக் கஞ்சா வைத்திருந்த வழக்கில் தர முடியாது என்று போதைப்பொருள் சட்டத்தின் 33-ஆம் பிரிவு தடுக்கிறது.

ஆனால் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், சிறிய அளவு வழக்கில், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கு நடத்துவதிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போகும். பையன் உண்மையில் அடிமையா, ஒருமுறை வைத்திருந்தவனா என்பதை மனநல மருத்துவர் பார்த்து எழுத வேண்டும். வழக்குக்காக அடிமை என்று எழுதி வாங்காதீர்கள். அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு, சேர்ந்த தேதி, ஒவ்வொரு வருகையின் முத்திரை எல்லாவற்றையும் அசலாக வைத்துக்கொண்டு, அடுத்த வாய்தாவுக்கு முன் வக்கீலிடம் கொடுங்கள்.